மல்லிக் கூட்டுக்குள் இரண்டு பேர்

அந்தக் காலத்தில் விதைகளுக்கெல்லாம் வாய் இருந்தது. வாய் இருந்ததே தவிர, பெரும்பாலான விதைகள் அதை அளவோடுதான் வைத்துக்கொண்டன. கம்பு விதையைக் கையில் அள்ளினால் "ஈரம் இருக்கா?" என்று கேட்கும். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேசாமல் மண்ணுக்குள் போய்விடும். பருத்தி அதைக்கூடக் கேட்காது. உளுந்து கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். கொத்தமல்லியின் வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

காரணம் இருந்தது. மற்ற விதைகளில் கூட்டுக்கு ஒரு ஆள். மல்லியில் கூட்டுக்கு இரண்டு பேர். ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. உருண்டையான அந்தப் பொடிக் கூட்டுக்குள் இரண்டு பேரும் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டுக்கு வாசலும் ஒன்றுதான். அப்புறம் சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

அதனால் அந்தக் காலத்தில் மல்லி விதைத்தால் எங்கேயோ ஒன்றிரண்டு முளைக்கும். முளைத்த வீட்டுக்கு மரியாதை கூடிவிடும். யாருக்காவது பித்தம் தலைக்கேறினால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கல்யாண வீட்டில் ரசத்தில் மல்லி மணந்தால், மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லாமல் எழுந்திருப்பார்கள். அத்தனை அருமையான சரக்கு.

கரிசல் காட்டில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தாள் ஆவுடை. அவள் புருஷன் உத்தண்டன். நல்ல மனுஷன்தான், வேலைக்கும் அஞ்சமாட்டான். ஆனால் மனசில் கவலை தட்டினால் உடனே தலைசுற்றல் வந்துவிடும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவான். அந்த வருஷம் அவன் நிறைய நாள் சாய்ந்துதான் கிடந்தான். கம்பு விதைத்தார்கள், பூச்சி தின்றது. பருத்தி போட்டார்கள், மழை முகத்தைக் காட்டிவிட்டு ஓடிப்போனது. கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்தபோது, வீட்டில் விதை என்று மிச்சம் இருந்தது ஒரு சுரைக்குடுக்கை நிறைய மல்லி மட்டும்.

"ஏளா, இதுவும் வரலைன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்றான் உத்தண்டன். "வண்டி அனுப்புதேன்னு அண்ணன் எப்பவோ சொல்லிட்டான்."

ஆவுடைக்கு அது மட்டும் ஆகாது. அண்ணன் தங்கமான ஆள். பிரச்சினை அண்ணன் இல்லை. அண்ணன் பெண்டாட்டி, அதாவது ஆவுடையின் ஓரகத்தி, வெயிலுகந்தாள்.

கல்யாணமான புதிதில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. ஒரு வீடு, ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். ஆவுடை உப்புப் போட்ட குழம்பில் வெயிலுகந்தாள் இன்னொரு கை உப்பை அள்ளிப் போடுவாள். "நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்" என்பாள். வெயிலுகந்தாள் பெருக்கிய வாசலை ஆவுடை போய் மறுபடி பெருக்குவாள். "மாடு மிதிச்ச மாதிரி இருந்துச்சுக்கா" என்பாள். உப்புக் குழம்பைத் தின்று தின்று அண்ணனும் தம்பியும் தண்ணீர்ப் பானையும் கையுமாக அலைந்தார்கள். கடைசியில் உத்தண்டன் நிலத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு வந்த பிறகுதான் நாலு பேருக்கும் மூச்சு வந்தது. இப்போது தள்ளி இருக்கிறபோது வெயிலுகந்தாளைப் போல ஒருத்தி கிடையாது. நல்ல நாளைக்குப் பணியாரம் சுட்டு அனுப்புவாள். ஆவுடையும் சும்மா இருக்கமாட்டாள். பணியாரம் வந்த தூக்குச்சட்டியில் எள்ளுருண்டை போட்டுத் திருப்பி அனுப்புவாள். ஆனால் மறுபடியும் ஒரே கூரைக்குள்ளா? நினைத்தாலே ஆவுடைக்கு நாக்கு உப்புக் கரித்தது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி பாதி விதையை விதைத்துவிட்டுப் பாதியைக் குடுக்கையிலேயே வைத்துக்கொண்டாள். மழை ஏமாற்றினால் இரண்டாம் விதைப்புக்கு வேண்டுமே. விதைத்துவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்துக் காட்டில் உளுந்து இரண்டு இலை விட்டது. கொண்டைக்கடலை தலை நீட்டியது. ஆவுடையின் காடு மட்டும் மொட்டைத் தலையாகக் கிடந்தது.

ஒரு காலையில் அவள் காட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து மண்ணில் காதை வைத்தாள். உள்ளே சந்தை நடப்பது மாதிரி இரைச்சல். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இது சந்தை இல்லை. ஒரு கூட்டுக்குள் நடக்கிற அதே சண்டை அத்தனை கூட்டுக்குள்ளும் நடக்கிறது.

"நான்தான் மொத வெளிய போவேன்" என்றாள் அக்கா. "போயி விரிஞ்சு விரிஞ்சு எலை விடணும். கொழம்பை எறக்குத நேரத்துல கிள்ளி மேல போட்டா பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கணும். தொவையலா அரைச்சு வச்சா வாய் செத்தவன்கூட இன்னும் ரெண்டு உருண்டை கேக்கணும்."

"ஒன் எலை எத்தன நாளைக்கு?" என்றாள் தங்கச்சி. "காலையில பறிச்சா பொழுது சாயத் தொவண்டு போவ. நான் வெளிய போறேன். சட்டுன்னு பூத்து, காய்ச்சு, காஞ்சு போவேன். வறுத்து மிளகோட அரைச்சா வீடே மணக்கும். வருஷம் பூரா பானையில இருப்பேன். பித்தம்னு வாரவனுக்கு ஊறவச்ச தண்ணிய வடிச்சுக் குடுத்தா தலைசுத்து நிக்கும். வயிறு உப்புனவனுக்குச் சுக்கோட தட்டிக் கொதிக்கவச்சுக் குடுத்தா ஏப்பம் வரும்."

"ஏப்பம் வாரதுக்கா ஒரு பொறப்பு?"

"ஒன் எலையில மூட்டப்பூச்சி வாசம் அடிக்குன்னு பாதிப்பேரு மூக்கப் பொத்துதான். அந்தப் பொறப்பு பெருசோ?"

"யாருட்டி சொன்னது? எவன் சொன்னான், பேரச் சொல்லு."

ஆவுடை மண்ணில் விரலால் தட்டினாள். "ஏட்டி, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. யாராவது ஒருத்தி மொத வாங்க. இன்னொருத்தி பின்னால வரட்டும்."

பிறகு அக்கா சொன்னாள்: "அத்தை, ஒங்களுக்கு வெவரம் தெரியல. இந்தக் கூட்டுல ஒரு வாசல்தான். மொத தலைய நீட்டுதவளுக்குத்தான் செடி. மத்தவ உள்ளயே கெடந்து மக்கி அவளுக்கு எருவாப் போவணும். நான் எதுக்கு இவளுக்கு எருவாகணும்?"

"நான் எதுக்கு இவளுக்கு எருவாகணும்?" என்றாள் தங்கச்சி. "அவ தலையத் தூக்குனா நான் காலப் புடிச்சு இழுப்பேன்."

"இழுத்துப் பாரு. நீ தூக்குனா நான் விட்டுருவேனாக்கும்?"

இப்படித்தான் இத்தனை நாளாக நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி தலை தூக்குவதும், மற்றவள் காலைப் பிடித்து இழுப்பதும்.

ஆவுடை தன் நிலைமையை எடுத்துச் சொன்னாள். கம்பு போனதைச் சொன்னாள், பருத்தி போனதைச் சொன்னாள், இந்த மல்லியும் வராவிட்டால் ஓரகத்தி வீட்டில் போய் ஒண்ட வேண்டும் என்பதையும், அந்த வீட்டுக் குழம்பில் உப்பு இரண்டு முறை விழும் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

உள்ளே இரண்டு பேரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அக்கா, "பாவம் அத்தை" என்றாள். ஆவுடைக்கு உயிர் வந்தது.

"ஒரு சந்தேகம் அத்தை. ஒங்க ஓரகத்தி கொழம்புக்கு எலை போடுவாளா, வெதை அரைச்சு ஊத்துவாளா?"

"வெதைதான் அரைச்சு ஊத்துவா" என்றாள் தங்கச்சி. "நல்ல குடும்பம் மாதிரித் தெரியுது."

"ரெண்டு தடவ உப்புப் போடுதவ நல்ல குடும்பமா?"

ஆவுடை எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். இவர்களோடு பேசுவதற்கு அந்த வேலியோர முள்ளோடு பேசலாம்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். உத்தண்டனும் காட்டுக்குப் போய், துண்டை விரித்துப் படுத்து, நிதானமாக உச்சி வெயில் ஏறும்வரை கேட்டான். திரும்பி வந்து யோசனையாகக் கூரையைப் பார்த்தான்.

"என்ன சொன்னீரு அவளுகள்ட்ட?"

"நான் என்னத்தச் சொல்ல? சின்னவ சொல்லுததுதான் எனக்குச் சரின்னு படுது. எனக்குப் பித்தம்லா."

"நீரு பஞ்சாயத்துக்குப் போனீரா, கட்சி சேரப் போனீரா?"

"கேட்ட, சொன்னேன்" என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டான் அவன்.

அந்தக் காடுகளில் எந்தத் தகராறாக இருந்தாலும் பேசித் தீர்த்துவைப்பது கவுதாரி. எறும்புக்கும் எலிக்கும் தானியத் தகராறு வந்தால் அதுதான் நடுவில் நிற்கும். ஆவுடை அதைக் கூப்பிட்டுவரப் போனாள். கவுதாரி மார்பை நிமிர்த்திக்கொண்டு, வரப்பு வரப்பாக நின்று நின்று வந்தது. வருகிற வழியில் யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தது.

"ரெண்டு தரப்பும் சொல்லுங்க" என்றது.

இரண்டு தரப்பும் சொன்னது. குழம்பு, துவையல், பித்தம், ஏப்பம், மூட்டைப்பூச்சி ஒன்றும் விடவில்லை. கவுதாரி கண்ணை மூடிக் கேட்டது. ஆவுடை வரப்பில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தாள்.

"பெரியவ சொல்லுதது ரொம்ப நியாயம்" என்றது கவுதாரி கடைசியில்.

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"சின்னவ சொல்லுதது அதவிட நியாயம்."

"கவுதாரியாரே, தீர்ப்பு என்ன?" என்று கேட்டாள் ஆவுடை.

"தீர்ப்ப அவசரப்பட்டுச் சொல்லப்படாது. இன்னொரு வாட்டி மொதல்லேருந்து கேப்போம்."

இன்னொரு வாட்டி கேட்டது. நடுவில் காலால் மண்ணைக் கிளறி நாலைந்து கூட்டை வெளியே எடுத்தது. கிட்டத்தில் வைத்துக் கேட்டால்தான் நன்றாகக் கேட்கிறதாம். கேட்டுவிட்டு லபக்கென்று விழுங்கியது.

"என்னய்யா இது, தின்னுட்டீரு?"

"சண்டையக் கொறைக்கணும்னா சண்டபோடுத ஆளக் கொறைக்கணும்லா?" என்று இன்னும் கொஞ்சம் கிளறியது கவுதாரி. ஆவுடை ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாள். தீர்ப்பு சொல்லாமலேயே கவுதாரி பறந்துபோனது. மண்ணுக்குள் மிச்சமிருந்தவர்கள் கவுதாரி யார் பக்கம் பேசியது என்று புதுச் சண்டையை ஆரம்பித்தார்கள்.

நாள் போனது. வாடைக்காற்று வீசத் தொடங்கியது. கரிசல் மண் மேலே வெளுத்து, அங்கங்கே விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. மண்ணுக்குள் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மனசு மாறியதால் குறைந்தது என்று ஆவுடை முதலில் சந்தோஷப்பட்டாள். விரலால் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈரத்தில் ஊறிக் கிடந்து, வெளியே வராமல், கூட்டோடு மக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலை கூட்டு வாசல் வரைக்கும் வந்திருந்தது. மற்றவள் அப்போதும் அவள் காலை விடவில்லை.

அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அமாவாசை கழிந்ததும் வண்டி வரும். வெயிலுகந்தாள் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தாள்: ஆவுடைக்காக உள்ளறையை ஒழித்து வைத்திருக்கிறாளாம், அடுப்பு விஷயமெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாமாம். உத்தண்டன் பானை சட்டிகளை வைக்கோல் சுற்றிக் கட்டத் தொடங்கினான். ஆவுடை அவனோடு பேசவில்லை. பேசினால் அந்தப் பானைகளில் ஒன்றாவது உடைந்திருக்கும்.

வண்டி வர இருந்த நாட்களில் யாரும் எதிர்பாராமல் ஒரு தூறல் விழுந்தது. பெருமழை இல்லை. வெளுத்த மண் மறுபடி கறுக்கிற அளவுக்குத்தான். இனிமேல் இந்த வருஷத்தில் மழை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆவுடை பரணிலிருந்து சுரைக்குடுக்கையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினாள்.

குடுக்கைக்குள் இருந்தவர்கள் வழி நெடுகக் கத்திக்கொண்டு வந்தார்கள். முதலில் மண்ணுக்குள் போனவர்கள் செத்த கதை இவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் திருந்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர்கள் செத்ததற்கு யார் காரணம், அக்காமாரா தங்கச்சிமாரா என்பதுதான் இப்போது சண்டை.

காட்டோரத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு. ஆவுடை அதில் குடுக்கையை இறக்கி வைத்து, கடைசி முறையாகக் கேட்டாள்.

"ஏட்டி, கால்ல விழுந்து கேக்குதேன். இது கடைசி ஈரம். இனி எனக்குக் கையில வெதை இல்ல. உள்ள போயி வாய மூடிக்கிட்டு மொளைச்சு வருவீகளா, மாட்டீகளா?"

"வாரோம் அத்தை" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

ஆவுடை குடுக்கைக்குள் கையை விட்டாள்.

"ஆனா யாரு மொதல்லன்னு இப்பவே சொல்லிருங்க" என்றாள் ஒரு தங்கச்சி.

"அதுல என்னட்டி கேள்வி, மூத்தவ நான் இருக்கேன்ல."

"ஒரே பூவுல, ஒரே நாள்ல பொறந்ததுல என்னட்டி மூத்தவ?"

ஆவுடைக்குள் என்னவோ அறுந்தது. கம்பு, பருத்தி, கவுதாரி, பானையில் வைக்கோல் சுற்றுகிற புருஷன், ஒழித்து வைத்திருக்கும் உள்ளறை எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. குடுக்கையைப் பாறையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். சேலையை இழுத்துச் சொருகினாள். "மூத்தவளா, எளையவளா, இந்தா பாரு, இந்தா பாரு" என்று குதிகாலை வைத்து அந்த மல்லியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். இந்தப் பக்கம் தேய்த்தாள், அந்தப் பக்கம் தேய்த்தாள். காலுக்கடியில் சடசடவென்று சத்தம் வந்தது. ஒரு மணம் குப்பென்று கிளம்பி மூக்கில் ஏறியது. அந்த மணம்தான் அவளை நிறுத்தியது.

குனிந்து பார்த்தாள். பாறை முழுக்கக் கூடுகள் இரண்டிரண்டாகப் பிளந்து கிடந்தன. அரை அரை உருண்டையாக, அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். ஒரு சத்தமும் இல்லை. மல்லி வாய் மூடி அன்றைக்குத்தான் ஆவுடை பார்த்தாள். இத்தனை நாள் எதற்காக ஏங்கினாளோ அந்த அமைதி வந்ததும் அவள் பாறையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"கொன்னுட்டனே" என்றாள் மெதுவாக.

அப்போது பாறையின் ஒரு ஓரத்திலிருந்து ரொம்பச் சின்னக் குரலில் ஒருத்தி கூப்பிட்டாள்: "அக்கா?"

பதில் இல்லை. அவளுடைய அக்கா எந்தப் பக்கம் உருண்டு போனாளோ.

பிறகு இன்னொரு ஓரத்தில் இன்னொருத்தி, "ஏட்டி, எங்க இருக்க?" என்றாள். அப்புறம் பாறை முழுக்க அதுதான். அக்கா, அக்கா என்றும், ஏட்டி, ஏட்டி என்றும். ஆவுடையால் நின்று கேட்க முடியவில்லை. முந்தானையில் வாரி எடுத்துக்கொண்டு, யார் யாருக்குப் பக்கத்தில் என்று பார்க்காமல் காடு முழுக்க வீசினாள். முள்ளுக்கட்டையை இழுத்து மண்ணை மூடினாள். வீட்டுக்கு வந்து அவளும் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, உத்தண்டனுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள். அவன் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தான்.

அமாவாசை கழிந்தும் வண்டி வரவில்லை. மாட்டுக்குக் காலில் முள் ஏறிவிட்டதாம். ஆவுடைக்கு அது நல்ல காலமாகப் போனது. ஏனென்றால் அந்த நாட்களில்தான் ஒருநாள் தண்ணீருக்குப் போன உத்தண்டன் வெறுங்குடத்தோடு திரும்பி ஓடிவந்தான்.

"ஏளா ஆவுடை, காட்டப் பாத்தியா?"

காடு பச்சை பூத்துக் கிடந்தது. அங்கொன்று இங்கொன்று இல்லை, போட்டது அத்தனையும். பிளந்த ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக முளைத்திருந்தது. கூடும் இல்லை, வாசலும் இல்லை, காலைப் பிடித்து இழுக்க ஆளும் இல்லை. அவரவர் பாட்டுக்குத் தலையை நீட்டிவிட்டார்கள்.

அதிலும் ஒரு அதிசயம். அக்காமார் இலை விடுவார்கள், தங்கச்சிமார் இலையே விடாமல் விறுவிறுவென்று பூக்கப் போவார்கள் என்று ஆவுடை நினைத்திருந்தாள். எல்லாச் செடியும் விசிறி விசிறியாக இலை விட்டிருந்தது. அவள் வரப்போரத்துச் செடி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ அக்காளா தங்கச்சியா?"

"தங்கச்சி."

"எலை விடமாட்டேன்னுல்லா சொன்ன?"

"மண்ணுக்குள்ள ஒரே அமைதியா இருந்துச்சு அத்தை. தூக்கம் வரல. அவ இருந்திருந்தா இந்நேரம் எலை எலைன்னு கத்திக்கிட்டு இருப்பா. அவளுக்காவ ஒண்ணு விட்டுப் பாப்போம்னு விட்டேன். அப்புறம் இன்னொண்ணு." பிறகு அவசரமாகச் சொன்னது: "ஆனா ஒண்ணு, எனக்கு இந்த எலை புடிக்கவே இல்ல. கொஞ்ச நாள்தான். பூ வந்ததும் நிறுத்திருவேன்."

வண்டி ஒருவழியாக வந்தது. வண்டியில் வெயிலுகந்தாளே வந்து இறங்கினாள்.

"என்ன ஆவுடை, உள்ளறைய மெழுகி வச்சுட்டுத்தான் வாரேன். கட்டுன சாமான ஏத்தச் சொல்லு."

"வரலக்கா. மல்லி வந்துட்டு."

வெயிலுகந்தாள் காட்டைப் பார்த்தாள். முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. "அப்படியா, நல்லாயிரு" என்று வரப்பிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "நேத்து பூரா எனக்கும் ஒறக்கமே இல்லட்டி" என்றாள் பிறகு.

அன்றைக்கு ஆவுடை சமைத்தாள். புளிக்குழம்பை இறக்குகிற நேரத்தில் ஒரு கை மல்லி இலையைக் கிள்ளிப் போட்டாள். தெருமுனை வரைக்கும் மணந்தது. அவள் இலை பறிக்க வெளியே போயிருந்த நேரத்தில் வெயிலுகந்தாள் குழம்பில் ஒரு கை உப்பும் போட்டிருந்தாள். ஆவுடைக்கு முதல் கவளத்திலேயே தெரிந்தது. நிறையச் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். வெயிலுகந்தாள் வண்டியேறும்போது ஒரு கட்டு மல்லி இலையும் மடியில் கட்டிக் கொடுத்தாள்.

தை பிறந்ததும் செடிகள் பூத்தன. தங்கச்சிமார் சொன்னபடியே இலையைக் குறைத்து நூல் நூலாக்கினார்கள். அக்காமாரோ, காய்ப்பது மட்டமான வேலை என்று அத்தனை நாள் பேசியவர்கள், தங்கச்சிமாரைவிடப் பெரிய கொத்தாகக் காய்த்தார்கள். "அவ ஆசப்பட்டா" என்றாள் ஒரு அக்கா, ஆவுடை கேட்காமலே. "நான்தான் விடல."

காய் முற்றிக் காய்ந்ததும் பிடுங்கி, களத்தில் போட்டுத் தடியால் அடித்துத் தூற்றினார்கள். உத்தண்டன் ஊறவைத்த மல்லித் தண்ணீரைக் காலையில் குடித்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பானை சட்டிகளில் சுற்றிய வைக்கோலை மாடு தின்றது. ஆவுடை அடுத்த விதைப்புக்கு என்று நல்ல மணியாகப் பொறுக்கிச் சுரைக்குடுக்கையில் போட்டாள். இனிமேல் இந்தப் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள், பிரிவு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார்கள் என்று அவளுக்கு நிறைவாக இருந்தது. ஒரு மணியை விரலிடுக்கில் எடுத்துப் பார்த்தாள்.

உருண்டையாக இருந்தது. நடுவில் ஒரு கோடு. உள்ளே இரண்டு பேர்.

"ஏட்டி, வந்துட்டியா?" என்றது ஒரு குரல்.

"வந்துட்டேன் அக்கா."

"எங்கட்டி போன இத்தன நாளா?"

"நீ எங்க போன?"

ஆவுடைக்குக் கண் கலங்கியது. இரண்டு பேரையும் மறுபடி ஒன்றாகப் பார்க்க எத்தனை நன்றாக இருக்கிறது. மணியைக் காதோரம் கொண்டுபோனாள்.

"சரி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு" என்றாள் தங்கச்சி. "வாசல மறைக்கிற."

"மூத்தவ நான் வாசல்ல ஒக்காராம வேற யாரு ஒக்காருவா?"

"ஒரே பூவுல பொறந்ததுல என்னட்டி மூத்தவ?"

ஆவுடை காதிலிருந்து மணியை எடுத்தாள். குடுக்கைக்குள் போட்டு மூடியை அழுத்தி அடைத்தாள். ஐப்பசி பிறக்கட்டும், பாறை எங்கேயும் போகாது.

அப்புறம் காலம் மாறி விதைகளெல்லாம் பேச்சை விட்டுவிட்டன, மல்லி உட்பட. ஆனால் பேச்சுத்தான் நின்றதே ஒழியச் சண்டை நின்றதாகத் தெரியவில்லை. முழு மல்லியைக் கொண்டுபோய் விதைத்துப் பாருங்கள், உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் அது வெளியே வராது. அன்று முதல்தான் மல்லி விதைக்கப் போகிறவர்கள் அதைத் தரையில் பரப்பிக் காலாலோ கட்டையாலோ தேய்த்து இரண்டாகப் பிளந்துவிட்டு மண்ணில் போடுகிறார்கள். மல்லியும் பிரிந்திருக்கிற வரைக்கும் ஒருத்திக்காக ஒருத்தி இலை விட்டு, காய் காய்த்து, கடைசியில் மறுபடியும் ஒரே கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.